துண்டுத் துணிகளில் ஒரு சிறு பை

தைத்து மிஞ்சிய பருத்தித் துண்டுகளை எறிய மனமின்றி ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன்; அவற்றை ஒட்டுப்போட்டு இன்று ஒரு கைப்பையைத் தைத்து முடித்தேன்.

துணிகளை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டேன். புதுப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதால், அதை நனைக்காமல் பழந்துணியோடு இணைத்தால் பை பின்னர் ஆங்காங்கே இழுத்துக்கொள்ளும். பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், செல்லும் திசையில் துணி அதிகம் நீளாது. குறுக்குச் சாய்வாக வெட்டிய துண்டோ கையிலேயே இழுபடும். ஆகவே பிடிகளைப் பாவின் நீளவாக்கில் வெட்டினேன். இதை மட்டும் யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம், ஏனெனில் சுமை முழுவதும் பிடியில்தான் தொங்குகிறது.

துண்டுகளை ஒரு செ.மீ. ஓரம் விட்டு இணைத்து, ஒவ்வொரு தையலையும் உடனுக்குடன் இஸ்திரியால் படியவைத்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அடிப்பக்கம் உருவாகும் விதம். பக்கத் தையலையும் அடித் தையலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் மூலை முக்கோணமாக நிற்கும். அதன் முனையிலிருந்து 2.5 செ.மீ. தள்ளிக் குறுக்கே தைத்தால், தட்டையாக இருந்த பைக்கு 5 செ.மீ. அகலத்தில் அடிப்பக்கம் கிடைத்துவிடுகிறது. எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணம் எனக்கு மகிழ்ச்சியே!

உள்துணியின் அடியில் 8 செ.மீ. தைக்காமல் விட்டு, அதன் வழியே பையை வெளிப்புறமாகத் திருப்பி, அந்த இடைவெளியைக் கைத்தையலால் மூடினேன். வெளியே நீல நிறமும் மஞ்சளும், உள்ளே ஒரு பழைய சட்டையின் கோடுகளும் தெரிகின்றன.