ஐந்து விநாடிக்கு ஒரு சொல்

அந்தக் கடைசி வரியை மாற்ற நான் ஏன் அவ்வளவு எளிதில் சம்மதித்தேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஹங்கேரிய எழுத்தாளர் இம்ரே கெர்த்தேஸ் தம் நாவலுக்குத் தாமே திரைக்கதை எழுதி, லாயோஷ் கோல்தய் இயக்கி 2005இல் வந்த ‘ஃபேட்லெஸ்’ படத்துக்கு நான் தமிழில் சப்டைட்டில் எழுதியபோது நடந்தது இது. புடாபெஸ்டில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டு, ஆஷ்விட்ஸ், பூகன்வால்ட், ஸெய்ட்ஸ் நாஜி முகாம்களுக்குப் போய் உயிரோடு திரும்பும் 14 வயது யூதச் சிறுவன் டியூரி, எல்லோரும் கொடுமைகளைப் பற்றியே கேட்கிறார்கள், அடுத்த முறை கேட்டால் அங்கிருந்த மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதோடு படம் முடியும்.

‘வதைமுகாம்களின் மகிழ்ச்சி’ என்று எழுதியிருந்தேன். “வதை என்கிறீர்கள், அடுத்த சொல்லே மகிழ்ச்சி என்கிறீர்கள். பார்ப்பவர் பிழை என்றுதானே நினைப்பார்?” என்று கேட்டார், சரிபார்த்த மூத்தவர்.

“அவன் அப்படித்தான் சொல்கிறான், சார்.”

“அதை விளக்க, வரி திரையில் நிற்கும் ஐந்து விநாடிதான் உங்களுக்கு இருக்கிறது.”

‘ஆறுதல்’ என்று மாற்றினேன். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. வதைமுகாம் என்ற நம் சொல்லிலேயே தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. டியூரியோ, அந்தத் தீர்ப்பைப் பிறர் தனக்காக எழுதி வைப்பதைத்தான் மறுக்கிறான். வெறும் ‘முகாம்’ என்று போட்டிருந்தால் மகிழ்ச்சி தப்பியிருக்குமோ என்னவோ, அன்று எனக்குத் தோன்றவில்லை. ஆறுதல் என்பது இன்னொருவர் தருவது. ஊர் திரும்பியவனுக்கு, தெருவில் மாலை வெளிச்சம் சாய்வதைக் கண்டதும், முகாமில் தனக்குப் பிடித்திருந்த அதே பொழுது நினைவுக்கு வந்து ஏக்கமே எழுகிறது. அதை யாரும் அவனுக்குத் தரவில்லை.

ஆனால் எனக்கு ஹங்கேரிய மொழி தெரியாது, ஆங்கில வரிகளை வைத்தே எழுதினேன். மூலத்தின் பெயரால் சண்டை போட எனக்கு என்ன உரிமை என்றும் அப்போது நினைத்தேன். கோழைத்தனத்துக்கு அடக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வது நம் தொழிலில் சுலபம்.

இவ்வளவையும் அந்த மூத்தவர்மீது சுமத்தி நிம்மதியாக இருந்திருப்பேன், பின்னால் நாவலைப் படிக்காமல் இருந்திருந்தால். அதில் ஒரு பத்திரிகையாளர், இயல்பே இல்லாத விஷயங்களுக்கெல்லாம் ஏன் ‘இயல்பாகவே’ என்கிறாய் என்று டியூரியைக் கேட்கிறார். முகாமில் அவை இயல்பானவைதான் என்கிறான் அவன். படித்துவிட்டு என் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு வரிக்கான எழுத்துக் கணக்குக்குள் அடங்கவில்லை என்று, யாரும் சொல்லாமலே நான் முதலில் வெட்டத் தொடங்கிய சொல் அதுதான்.