155-க்குப் பதில் 165: உடல் கொழுப்பை அளக்கப் போன அனுபவம்

மூன்று மாதம் ஒரு தவறான தாளை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

எனக்கு வயது 49. திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. எடை 54 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர், பி.எம்.ஐ. (எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 22.5. கல்யாண வீடுகளில் "உடம்பை அப்படியே வைத்திருக்கிறாயே" என்று கேட்டுப் பழகியவள். ஜூன் மாதம், மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இயல்பைவிடக் கூடுதலாக 5.9 என்று வந்தபோது நம்பவே முடியவில்லை. மருத்துவர் எடையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் டேப்பை எடுத்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளந்தார். 84 சென்டிமீட்டர். "நம் பெண்களுக்கு 80தான் எல்லை. எடை சரிதான் அம்மா, அந்த எடைக்குள் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்" என்றார்.

2004-இல் லான்செட் இதழில் வந்த ஒரு படத்தையும் அவர்தான் காட்டினார். புனே மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் நம் உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குப் பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்தில் ஓர் இயந்திரம் இருந்தது. வெறுங்காலோடு ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தால், ஒரு நிமிடத்தில் தாள் வந்துவிடும். கொழுப்பு 30 சதவீதம். "கொஞ்சம்தான் கூடுதல் மேடம், நடந்தாலே குறைந்துவிடும்" என்றார் பயிற்சியாளர் தம்பி. நானும் நிம்மதியாக நடந்தேன். செப்டம்பரில் எச்பிஏ1சி 6.2.

அன்றிரவு பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். மேல் மூலையில் சிறிய எழுத்தில் பி.எம்.ஐ. 19.8 என்று இருந்தது. எனக்கு எப்படி 19.8 வரும்? பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 54-ஐ 19.8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.65. உயரத்தை 165 என்று பதிந்திருக்கிறார்கள்!

பத்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். இந்த இயந்திரம் கொழுப்பை நேராக அளப்பதில்லை. உடம்பில் மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. தசையில் நீர் அதிகம், மின்சாரம் எளிதில் பாயும், கொழுப்பில் தடைபடும். உயரத்தின் வர்க்கத்தை அந்தத் தடையால் வகுத்துத்தான் தசை போன்ற கொழுப்பற்ற பகுதியைக் கணிக்கிறது. 165-இன் வர்க்கம் 155-இன் வர்க்கத்தைவிட 13 சதவீதம் பெரியது. என்னிடம் இல்லாத தசையை அந்தத் தாள் எனக்குக் கொடுத்திருந்தது.

இனி எக்ஸ்ரே கதிரால் எலும்பு, கொழுப்பு, தசையைப் பிரித்து அளக்கும் டெக்ஸா ஸ்கேன்தான் என்று முடிவு செய்தேன். உள்ளூரில் ஒரு ஸ்கேன் மையத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். "டெக்ஸா இருக்கிறது, வாருங்கள்" என்றார்கள். அரை நாள் விடுப்புப் போட்டுப் போய், பணம் கட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் தெரிந்தது: அங்கே எடுப்பது முதுகெலும்பும் இடுப்பும் மட்டும், எலும்பு அடர்த்திக்காக. முழு உடலுக்கான மென்பொருள் அவர்களிடம் இல்லை. "பில் போட்டாகிவிட்டது, திருப்பித் தர முடியாது" என்று கவுன்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். மேலாளரைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று அங்கேயே நின்றேன். பணம் முழுவதும் கைக்கு வந்தது. நீங்கள் கேட்கும்போது "டெக்ஸா இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "முழு உடல் ஸ்கேன் எடுத்து, கொழுப்பையும் தசையையும் தனித்தனியாகக் காட்டும் அறிக்கை தருவீர்களா" என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்டுக் கேட்டுச் சென்னையில் ஓர் இடம் கிடைத்தது. தாம்பரத்தில் தங்கை வீட்டில் தங்கிக் காலையில் போனேன். "இன்றைக்குக் கால்சியம் மாத்திரை போட்டீர்களா?" என்றார் ஸ்கேன் எடுக்கும் பெண். போட்டிருந்தேன். கரையாமல் வயிற்றில் கிடக்கும் மாத்திரை எலும்பின் தாதுவைப் போலப் படத்தில் விழுந்துவிடுமாம். 24 மணி நேரம் நிறுத்தியிருக்க வேண்டும். முன்பதிவின்போது யாரும் இதைச் சொல்லவில்லை. நாளை வாருங்கள் என்றார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனால் அந்த ஒரு நாள் வேறு விதத்தில் உதவியது. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. என் கை வளையல்கள் கழன்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. இரவு தங்கை என்னைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்து, மணிக்கட்டில் தேங்காய் எண்ணெயைத் தடவி, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, பாலித்தீன் பையைக் கையில் மாட்டி அதன்மேல் ஒவ்வொன்றாக வழுக்கி எடுத்தாள். தாலிச் சங்கிலியைக் கழற்றத்தான் மனம் வரவில்லை. மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டு, "இப்போது கழற்று அக்கா" என்றாள். மெட்டியும் போனது. மறுநாள் அந்த அறை வாசலில் நான்கு பெண்கள் வளையலோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கேன் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. கதிர்வீச்சு நெஞ்சு எக்ஸ்ரேயைவிடக் குறைவுதான். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் எடுக்கக்கூடாது.

கொழுப்பு 38 சதவீதம். கை கால் தசை மொத்தம் 12.5 கிலோ, அதை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 5.2. தசை இழப்பைப் பற்றிய ஆசிய வல்லுநர் குழு 2019-இல் டெக்ஸாவுக்கு வகுத்த கீழ் எல்லை பெண்களுக்கு 5.4. கருவியை அழுத்திப் பார்த்ததில் கைப்பிடி வலு 19 கிலோ வந்தது, அதற்குக் கீழ் எல்லை 18. "அந்த எல்லைகள் முதியவர்களுக்காக வகுத்தவை. உங்கள் வயதிலேயே ஒன்றில் கீழே போய்விட்டீர்கள், மற்றதில் இவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்கள்" என்றார் மருத்துவர். நடை மட்டும் போதாது, வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் உணவில் கூடுதல் புரதமும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஸ்கேனையும் இதே இயந்திரத்தில்தான் எடுக்க வேண்டுமாம். இயந்திரம் மாறினால் எண்ணும் மாறிவிடும்.

ஊர் திரும்பியதும் அந்தத் தாளோடு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். தம்பி பார்த்ததும் வெளிறிப்போனார். எனக்கு முன்னால் அளந்தவரின் உயரம் திரையில் அப்படியே இருந்திருக்கிறது. பெயரையும் வயதையும் மட்டும் மாற்றியிருக்கிறார். வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்துவிட்டு, அவர் 155 என்று தட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு மறுபடி ஏறினேன். 36.9 வந்தது. ஸ்கேனுக்கு எவ்வளவு பக்கம்! இயந்திரத்தின் மேல் குற்றமில்லை.

அந்த ஜூன் மாத நோட்டை எடுக்கச் சொன்னேன். எனக்குப் பிறகு அன்று இரண்டு பெண்கள் அளந்திருந்தார்கள். இருவரையும் என் கண் முன்னாலேயே தொலைபேசியில் அழைத்து உயரத்தைக் கேட்டார். ஒருவருடையது 148.