யாரிடம் சான்று கேட்கிறார்கள்?

மெல்பர்னில் நான் பார்க்கும் வேலையை உறவினர்களுக்குப் புரியவைப்பது சிரமம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் நிலவுரிமை கோரி நீதிமன்றம் போகும்போது அவர்கள் தரப்பில் மானிடவியலாளர்கள் அறிக்கை எழுதுவார்கள். அதற்கான வம்சாவளிகளையும் பேட்டிகளையும் சரிபார்த்துத் தருவது என் பங்கு. யார் யாருக்குப் பேத்தி, எந்த ஆற்றங்கரையில் பிறந்தார், அங்கே மீன் பிடிக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எல்லாமே எழுத்தில் வந்தாக வேண்டும்.

வெள்ளையர் வந்தபோது இது யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற கதையை 1992இல், எடி மாபோ என்ற டோரஸ் நீரிணைத் தீவுக்காரர் தொடுத்த மாபோ வழக்கு முடித்துவைத்தது. மறு ஆண்டே பூர்வகுடி நிலவுரிமைச் சட்டமும் வந்தது. ஆனால் முன்னோர் வழக்கங்கள் அறுபடாமல் தொடர்கின்றன என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமை கேட்பவர்கள் தலையில்தான்.

சேர்ந்த புதிதில் யோர்ட்டா யோர்ட்டா தீர்ப்பைப் படிக்கச் சொன்னார்கள். அவர்கள் மர்ரே ஆற்றங்கரைப் பூர்வகுடிகள்; நிலவுரிமை கேட்டுத் தோற்றவர்கள். பயிரிடவும் கால்நடை வளர்க்கவும் நிலம் கேட்டு 1881இல் அவர்களின் முன்னோர் 42 பேர் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநருக்கு மனு எழுதினார்கள். அப்போதே பழைய வாழ்க்கையை விட்டுவிட்டார்கள் என்பதற்கு அந்த மனுவையே சான்றாக எடுத்துக்கொண்டார் 1998இல் நீதிபதி. அங்கே மேய்ச்சல் நிலம் பிடித்த எட்வர்ட் கர் எழுதிய நினைவுக்குறிப்புக்கு, கூண்டேறிய பெரியவர்களின் சொல்லைவிட அதிக மதிப்பு கொடுத்தார். 2002இல் மேல்முறையீடும் தோற்றது. நிலம் பறிபோனதால்தானே மனு கொடுத்தார்கள்? எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

என் துறைக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. 1938இல், யோர்ட்டா யோர்ட்டா மக்கள் வாழ்ந்த கம்மராகஞ்சா குடியிருப்புக்கு வந்த மானிடவியலாளர் நார்மன் டின்டேல் குழுவினர் மக்களின் உடலை அளந்தார்கள், படம் எடுத்தார்கள், வம்சாவளி எழுதினார்கள். அப்படி எழுதியதில்தான் இன்று பேரப்பிள்ளைகள் பாட்டியின் பெயரைத் தேடுகிறார்கள்.

பல பண்பாடுகளைக் கொண்டாடும் மார்ச் 21 நல்லிணக்க நாளுக்கு அலுவலகத்துக்கு வடை கொண்டுபோவேன். என் மகள் தேவாரத்தை எழுத்துக்கூட்டிப் பாடினாலும் கைதட்டுகிறார்கள். தமிழ் பாதி மறந்தவளிடம் ‘நீ தமிழ்ப் பெண்தானா?’ என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை. மாறுவதற்கு எங்களுக்கு இருக்கும் சலுகை, இந்த மண்ணின் மக்களுக்கு இல்லை.

எங்கள் தமிழர் கூட்டங்களில் யாராவது பூர்வகுடிகளைப் பற்றி ‘அவங்களுக்கு எல்லாம் சும்மா கிடைக்குது’ என்று தொடங்குவார்கள். ‘ஊர்ல மூலப்பத்திரம் பார்க்காம ஒரு சென்ட் வாங்குவீங்களா அண்ணா? இங்க உங்க வீட்டுக்குப் பார்த்தீங்களா?’ என்பேன். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.