உப்பூர்ல இருந்து ஆரம்பிக்கணும்

பட்டுக்கோட்டையில் இருந்து ராமேஸ்வரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாலு மணி நேரம், வழியில் டீ குடித்தால் நாலரை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மத்தியானம் நடை சாத்துவதற்குள் கோயிலுக்குள் இருக்கலாம், சாயங்காலம் தனுஷ்கோடி, ராத்திரி தங்கல், மறுநாள் வீடு என்று நான் போனில் எல்லாம் குறித்து வைத்திருந்தேன். பெரியம்மா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நேரா ராமேஸ்வரமா? உப்பூர்ல இருந்து ஆரம்பிக்கணும்டா. ராமரே அப்படித்தான் போயிருக்கார், உனக்கென்ன அவசரம்?"

அவர் சொன்ன வரிசை: உப்பூரில் பிள்ளையார், தேவிபட்டினத்தில் நவக்கிரகம், திருப்புல்லாணியில் பெருமாள், சேதுக்கரையில் அனுமார், அதற்கப்புறம்தான் ராமநாதர். மேப்பில் வைத்துப் பார்த்தால் வடக்கில் இருந்து தெற்காகக் கடலை ஒட்டியே இறங்குகிறது. எங்கள் பக்கத்தில் இருந்து போகிறவர்களுக்கு எல்லாமே போகிற வழிதான், நின்று இறங்கினால் போதும். நான்தான் இத்தனை வருஷமாக நிற்காமல் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டு இருந்திருக்கிறேன்.

அம்மா, பெரியம்மா, நான், மூன்று பேர். பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, ராமேஸ்வரம் இதுதான் முதல் தடவை. "உங்க பெரியப்பா கூட்டிட்டுப் போறேன் போறேன்னு சொல்லியே போய்ச் சேர்ந்துட்டார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

மாசி கடைசி. தொண்டி தாண்டியதும் வயல் எல்லாம் குறைந்து சீமைக் கருவேலமும் பனையுமாக மாறிவிடுகிறது. ஒரு இடத்தில் முண்டு மிளகாயைச் சிவப்பு ஜமுக்காளம் விரித்த மாதிரி காயப்போட்டிருந்தார்கள். உருண்டையாகச் சின்னதாக இருக்கும், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். கார் கண்ணாடியை இறக்கியதும் அம்மாவுக்குத் தும்மல் ஆரம்பித்துவிட்டது. திரும்பும்போது ரெண்டு கிலோ வாங்கணும் என்று தும்மிக்கொண்டே சொன்னார்.

உப்பூர் பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பேர். கருவறைக்கு மேலே கூரை கிடையாது. சீதையைத் தேடிப் போன ராமர் முதலில் இவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே நடந்தார் என்பது இந்தப் பக்கத்துக் கதை. சின்னக் கோயில், கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அபிஷேகம் ஆகி ஈரமாக இருந்த பிள்ளையார் மேல் நேராக வெயில் விழுந்ததைப் பார்த்தபோது, இருட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் சாமி பார்த்தே பழகிய கண்ணுக்கு என்னமோ மாதிரி இருந்தது. வெட்டவெளியில் தாத்தா ஒருத்தர் உட்கார்ந்து வெயில் காய்கிற மாதிரி.

தேவிபட்டினம் வேறு. அங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்கார பாய் எங்களைப் பார்த்த உடனே, "நவபாஷாணத்துக்கா? தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு, சீக்கிரம் போங்க, கல்லு முங்கிடும்" என்றார். அம்மா டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார். "டீயைக் குடிச்சிட்டுப் போங்கம்மா, அவ்வளவு வேகமா எல்லாம் ஏறாது" என்று அவரே சிரித்தார்.

கரையில் இருந்து கடலுக்குள் நடைபாதை போகிறது. அதன் முடிவில், சுற்றிலும் கட்டிய நடைமேடைக்கு நடுவே, தண்ணீருக்குள் ஒன்பது கற்கள், இவைதான் நவபாஷாணம். சிலை என்று நினைத்துப் போகாதீர்கள். முகம், கை, கால் எதுவும் இல்லை. உப்புத் தண்ணீர் தின்று மொழுமொழுவென்று ஆன கல்தூண்கள், ஒன்று கொஞ்சம் உயரம், ஒன்று குட்டை, சாய்ந்த மாதிரி ஒன்று. ராமர் தன் கையால் நவக்கிரகங்களாக நட்டவை என்று நம்பிக்கை. அவர் பூஜை செய்யும்போது அலை தொந்தரவு செய்யாமல் இருக்கக் கடலை அடக்கினார் பெருமாள், அதனால் பக்கத்தில் கடலடைத்த பெருமாள் என்று ஒரு கோயிலும் இருக்கிறது. புராணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது பாக் ஜலசந்திப் பக்கத்துக் கடல், ஆழம் இல்லை, குளம் மாதிரிக் கிடக்கும். ராமேஸ்வரத்துக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். நம் ஆட்கள் கடலையும் விட்டுவைக்கவில்லை பாருங்கள்.

பெரியம்மா ஒரு சின்னப் பையில் நவதானியம் கொண்டுவந்திருந்தார். கடையில் விற்கிற பாக்கெட் இல்லை, வீட்டில் ராத்திரி உட்கார்ந்து நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு என்று தனித்தனியாக எண்ணிச் சேர்த்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றில் கால் வழுக்க வழுக்க, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது கல்லையும் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிடி. தானியம் விழுந்த இடத்தில் விரல் நீள மீன்கள் கூடிவிட்டன.

நான் மேலே நடைமேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம். ஒரு ஆள் மொட்டைத் தலையோடு, என் வயசுதான் இருக்கும், தண்ணீரில் நின்று புரோகிதர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார். பின்னால் கல், அதற்குப் பின்னால் வெறும் கடல். போட்டோவாகப் பார்த்தால் அபாரம். நாலைந்து எடுத்தேன். ஐந்தாவது எடுக்கும்போது அவர் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தார். கோபப்படவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. கண் சிவந்து கிடந்தது. பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அந்த ஆளுக்கு அப்பாவோ அம்மாவோ யாரோ போயிருக்கிறார்கள், அதுவும் ரொம்ப நாள் ஆகியிருக்காது. நான் யார் அதைப் படம் பிடிக்க? அங்கேயே நின்று எல்லாவற்றையும் அழித்தேன், போனின் குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் அழித்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தால் அவர் சடங்கு முடியவில்லை, நடுவில் போய்க் கேட்பது இன்னொரு தப்பு. அப்புறம் போனைக் காரில் வைத்துவிட்டு நானும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. "இப்பதான் வழி தெரிஞ்சுதா" என்றார் பெரியம்மா. அவர் கீழே இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

திருப்புல்லாணியில் போய்ச் சேரும்போது நடை சாத்திவிட்டார்கள். சாயங்காலம் திறக்கும்வரை வெளியே நிழலில் கிடந்தோம். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. மூலவர் ஆதி ஜெகந்நாதப் பெருமாள், ஆனால் எனக்குப் பிடித்தது தர்ப்பசயன ராமர். கடல் வழி விடும் என்று தர்ப்பைப் புல்லை விரித்துப் போட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்த ராமர். புல்லில் அணைந்து கிடந்ததால்தான் புல்லணை, புல்லாணி. வில்லை எடுப்பதற்கு முன்னால் படுத்துக் கிடந்து கேட்டுப் பார்த்திருக்கிறார் என்பது காலையில் நான் செய்த வேலைக்கு அப்புறம் கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது. பால் பாயசம் பிரசாதம் கிடைத்தது. குழந்தை வேண்டி வருகிறவர்களுக்கு அது விசேஷம். பக்கத்தில் ஒரு இளம் ஜோடி ஆளுக்குப் பாதியாகக் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

சேதுக்கரை அங்கிருந்து பத்து நிமிஷம். கடலைப் பார்த்து நிற்கும் அனுமார், அவருக்கு எதிரே ஆண்கடல். பாலம் கட்டத் தொடங்கிய இடம் இது என்கிறார்கள். இங்கே பெரியம்மா குனிந்து ஈர மணலை மூன்று பிடி அள்ளி ஒரு மஞ்சள் துணியில் முடிந்தார். எதுக்கு என்று கேட்டேன். "காசிக்கு." சேது மணலை எடுத்துப்போய் கங்கையில் கரைத்துவிட்டு, கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி-ராமேஸ்வர யாத்திரை முடியும். பாதியைத் தொடங்கியாகிவிட்டது, மீதிக்கு யார் பொறுப்பு என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது.

ராத்திரிதான் பாம்பன் தாண்டினோம். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது, ஆனாலும் எல்லோரும் நிறுத்துகிறார்கள். நான் நிறுத்தவில்லை, மெதுவாகப் போனேன். பக்கத்தில் ரயில் பாலம் வெளிச்சத்தில் தெரிந்தது. 1914-ல் வந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி கப்பல் வந்தால் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கிக்கொண்டது, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக ஏறும் என்று விளக்கினேன். இருவரும் தூங்கிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலை அக்னி தீர்த்தம். கடல்தான், கோயிலுக்குக் கிழக்கே. முழுக்குப் போட்டுவிட்டு உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. என் காலில் ஒரு சேலை சுற்றி விழப் பார்த்தேன். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை, அங்கேயேதான் கிடக்கிறது. தயவுசெய்து துணியைக் கையோடு கொண்டுபோங்கள். அறையில் இருந்து இறங்கும்போதே ஒருவர் வந்து, வரிசை இல்லாமல் எல்லாம் முடித்துத் தருகிறேன், ஆளுக்கு இவ்வளவு என்றார். பெரியம்மா, "வரிசைக்குத்தானப்பா வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உள்ளே இருபத்திரண்டு தீர்த்தம். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். கிணற்று விளிம்பில் ஏறி நிற்கும் ஆட்கள், கயிறு கட்டிய வாளியை விட்டு ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து தலையில் ஊற்றுகிறார்கள். முதலில் மகாலட்சுமி, அப்புறம் சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி என்று போகிறது. நள, நீல, கவய, கவாட்ச என்று வானரங்கள் பெயரில் கிணறுகள் வரிசையாக வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாலம் கட்டிய என்ஜினியர்களுக்கு இப்படி ஆளுக்கொரு கிணறு வேறெங்கே வைத்திருக்கிறார்கள்? கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் கரிக்கவில்லை. ஒன்று சில்லென்று, ஒன்று இதமாக. பெரியம்மாவைப் பார்த்ததும் ஒரு வாளிக்காரர் பாதி வாளி மட்டும் மெதுவாக ஊற்றினார். "முழுசா ஊத்துப்பா, காசு முழுசாத்தான் குடுத்திருக்கேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசி கோடி தீர்த்தம். அதற்கு மேல் குளிக்கக் கூடாது.

ஈரத் துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத் துணி பையில் இருக்கட்டும். போனும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதனால் அந்த மூன்றாம் பிராகாரத்தை, 1212 தூண்கள் என்கிறார்களே அதை, படம் எடுக்காமல் நடந்தே பார்த்தேன். முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த வேலை. தூரத்தில் ஒரு ஆள் குறுக்கே நடந்துபோனார், எறும்பு மாதிரித் தெரிந்தார், அவ்வளவு நீளம்.

தரிசன வரிசையில் எங்களுக்கு முன்னால் வடக்கத்தியப் பாட்டி ஒருத்தர், கையில் வாய் அடைத்த சின்னச் செம்புக் குடுவை. பெரியம்மா அதைக் காட்டி "கங்கையா?" என்றார். பாட்டி தலையை ஆட்டி "காசி, காசி" என்றார். உடனே பெரியம்மா பைக்குள் கையை விட்டு மஞ்சள் முடிச்சை எடுத்தார். பாட்டி அதைத் தொட்டுப் பார்த்தார், உள்ளே மணல் நெருநெருத்தது, "சேது" என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பொதுவாகக் கிடையாது. ஆனால் வரிசை நகர்ந்து முடியும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள், இவர் தமிழில், அவர் இந்தியில்.

இங்கே முதல் பூஜை ராமநாதருக்கு இல்லை, விஸ்வநாதருக்கு. அனுமார் கைலாசத்தில் இருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதமானதால் சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்குப் பூஜை நடந்துவிட்டது. அனுமார் முகம் வாடிப்போனதைப் பார்த்து, நீ கொண்டுவந்ததற்குத்தான் இனி முதல் பூஜை என்று ராமர் சொல்லிவிட்டாராம். அம்மா இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது பெரியம்மா, "பிந்தி வந்தவருக்கு முதல் பூஜையா" என்று மட்டும் கேட்டார். உள்ளே போனதும் விஸ்வநாதர் சன்னதியில் ரொம்ப நேரம் நின்றார். யாரும் நகரச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தனுஷ்கோடி போகவில்லை. மிளகாய் மறக்காமல் வாங்கினோம், ஊர் வரை மூவரும் தும்மினோம்.

மணல் முடிச்சு இப்போது பெரியம்மா வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் இருந்தே பனாரஸுக்கு வாரம் ஒரு ரயில் இருப்பதை நான்தான் வாய் தவறிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் வந்துவிடும். "டிக்கெட் பாத்தியாடா?" போன வாரம் பார்த்தபோது வெயிட்டிங் லிஸ்ட்.