ஐசியு படுக்கையில் டிரக்கியாஸ்டமி: தலைமாட்டில் நிற்பவரின் வேலை

டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைப்பது) என்றதும் எல்லோர் கண்ணும் கழுத்துக்குத்தான் போகிறது. எந்தக் கிட், துளையை விரிக்க எந்த டைலேட்டர், எத்தனை நிமிடம் என்றே பேச்சு. ஆனால் ஐசியு படுக்கையிலேயே ஊசி போட்டு விரித்துச் செய்யும் முறையில், காற்றுப்பாதையே கைநழுவிப் போகக்கூடிய கட்டம் தலைமாட்டில் இருக்கிறது: வாய்வழி மூச்சுக்குழாய்க்குள் போட்ட ஈ.டி. டியூபைப் பின்னுக்கு இழுக்கும்போது. அங்கே புதியவரை நிறுத்திவிட்டு மூத்தவர் கழுத்தில் வேலை பார்ப்பது சரியல்ல. காற்றுப்பாதையில் கை தேர்ந்தவர்தான் தலைமாட்டில் நிற்க வேண்டும்.

முதலில், அவசரம் வேண்டாம். 2013-ல் வெளியான பிரிட்டனின் டிராக்மேன் ஆய்வில், 4 நாளுக்குள் செய்த பிரிவுக்கும் 10 நாள் கழித்துப் பார்க்கலாம் என்று விட்ட பிரிவுக்கும் 30 நாள் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. காத்திருந்த பிரிவில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டது. பூச்சிமருந்து குடித்து, சில நாளில் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோய் வென்டிலேட்டரில் கிடப்பவர்கள் தமிழ்நாட்டு ஐசியுக்களில் அதிகம். அவர்களில் பலருக்கு ஓரிரு வாரத்தில் பலம் திரும்பிவிடும். தலைக்காயத்தில் நினைவு திரும்பாதவர், கில்லன்-பாரே என்ற நரம்பு நோயில் கை கால் மொத்தமாக விழுந்தவர் கதை வேறு. அவர்களுக்குச் சீக்கிரமே முடிவெடுக்கலாம்.

முந்தைய நாளே பார்க்க வேண்டியவை சில உண்டு. பிளேட்லெட் 50,000-க்கு மேல், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5-க்குக் கீழ் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் ஹெபாரின் டிரிப் என்றால் 4 முதல் 6 மணி நேரம் முன்பும், தடுப்பு அளவில் போடும் எனாக்ஸபாரின் என்றால் 12 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். டியூப் உணவை 6 மணி நேரம் முன்பு நிறுத்தி, செய்யும் முன் வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபை உறிஞ்சிவிட வேண்டும். பீப் (மூச்சு வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் வென்டிலேட்டர் தக்கவைக்கும் அழுத்தம்) 10-க்கு மேலோ ஆக்சிஜன் 60 சதவீதத்துக்கு மேலோ தேவைப்படுபவரை ஒரு நாள் தள்ளிப் போடுவதில் நஷ்டமில்லை. கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பாருங்கள். நடுக்கோட்டில் ஓடும் ஒரு சிரை, மேலேறி வந்த இன்னோமினேட் தமனி (மார்பெலும்புக்குப் பின்னால் மூச்சுக்குழாயைக் கடக்கும் பெரிய தமனி), தடித்த தைராய்டு இவற்றில் எது இருந்தாலும் கத்தி வைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இனி தலைமாடு. ஆக்சிஜனை 100-க்கு ஏற்றி, மயக்கம், வலிமருந்து, தசைத்தளர்ச்சி மருந்து மூன்றும் கொடுத்தாகிவிட்டது. வென்டிலேட்டரை வால்யூம் முறையில் வைத்து, அழுத்த அலாரத்தின் உச்ச வரம்பைக் கூட்டுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். 7.5 மி.மீ. டியூபுக்குள் மூச்சுக்குழாயை உள்ளிருந்து பார்க்கும் 5 மி.மீ. பிராங்கோஸ்கோப்பை விட்டால் பாதையின் பரப்பில் ஏறக்குறைய 44 சதவீதம் அடைபடும், அழுத்தம் எகிறும். வரம்பு பழையபடி 40-ல் இருந்தால் மெஷின் ஒவ்வொரு மூச்சையும் பாதியிலேயே நிறுத்திவிடும். கார்பன் டை ஆக்சைடு ஏறும். தலைக்காய நோயாளிக்கு அதனால் மூளை அழுத்தமும் ஏறும். ஆகவே ஸ்கோப்பை இடையிடையே மட்டும் விட்டுப் பாருங்கள், முழுநேரமும் உள்ளே வைத்திருக்காதீர்கள்.

வாயை நன்றாக உறிஞ்சிவிட்டு, லாரிங்கோஸ்கோப்பில் பார்த்தபடியே கஃபின் (டியூபின் முனைப்பக்கம் சுற்றியுள்ள பலூன்) காற்றை இறக்கி, கஃப் குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே வரும்வரை டியூபை இழுத்து, மறுபடி ஊத வேண்டும். இழுத்தது போதாவிட்டால் ஊசி கஃபைக் கிழிக்கும், அல்லது டியூபையே துளைக்கும். ஊசி உள்ளே போனதும் டியூபை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஊசியும் கூடவே ஆடினால் அது டியூபில் குத்தியிருக்கிறது. அதிகம் இழுத்துவிட்டால் டியூப் வெளியே வந்துவிடும். பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் நீளக் குச்சி), ஒரு சைஸ் சின்ன டியூப், ஐ-ஜெல் (தொண்டையில் வைத்து மூச்சு கொடுக்கும் கருவி) மூன்றும் தலையணைப் பக்கத்திலேயே பிரித்து வைத்திருக்க வேண்டும். அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

கழுத்தில், தோளுக்கடியில் துணிச்சுருள் வைத்து, குரல்வளையின் அடி வளையமான கிரிகாய்டைத் தொட்டு உணர்ந்து, மூச்சுக்குழாயின் 2-வது 3-வது வளையங்களுக்கு நடுவே குறி வையுங்கள். கழுத்தெலும்பு முறிவு இல்லை என்று உறுதியாகாதவருக்குக் கழுத்தை நீட்டக் கூடாது. முதல் வளையத்தை ஒட்டிப் போனால் பின்னாளில் குரல்நாணுக்குக் கீழே சுருக்கம் வரலாம். 4-வதுக்குக் கீழே இறங்கினால் பெரிய தமனி பக்கத்தில் வந்துவிடும். அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் போட்டு, தோலை ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. கீறுங்கள். கீறலில் கஞ்சத்தனம் காட்டினால் தோல் பிடித்துக்கொள்ளும். அழுத்தித் தள்ளும்போது வளையம் உடையும்.

சலைன் நிரப்பிய சிரிஞ்சோடு 14 கேஜ் ஊசியை உறிஞ்சிக்கொண்டே இறக்கினால் குமிழி வரும். ஸ்கோப்பில் பார்த்தால் ஊசி கடிகாரத்தின் 12 மணி இடத்தில் தெரிய வேண்டும். 11-க்கும் 1-க்கும் இடைப்பட்டால் ஏற்கலாம், அதைத் தாண்டினால் எடுத்துவிட்டு மறுபடி குத்துங்கள். ஊசி வழியே விட்ட கம்பி நுரையீரல் பக்கம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே விரிக்கத் தொடங்க வேண்டும். கொம்பு வடிவ டைலேட்டரைச் சலைனில் நனைத்தால்தான் அதன் பூச்சு வழுக்கும். கம்பியின் மேல் ஏறும் வழிகாட்டிக் குழலின் மேடு டைலேட்டர் முனைக்கு முன்னால் இருக்க வேண்டும். குறிகள் சரியாகப் பொருந்தாவிட்டால் முனை நேராகப் பின்சுவரில் இடிக்கும். அங்கே குருத்தெலும்பு கிடையாது, ஒட்டினாற்போல் உணவுக்குழாய். ஒவ்வொரு படியிலும் கம்பியை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நகராவிட்டால் மடங்கியிருக்கிறது என்று பொருள், அங்கேயே நிறுத்துங்கள். கம்பி வழியே இறக்கி விரிக்கும் இடுக்கியான கிரிக்ஸ் ஃபோர்செப்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இதே விதிதான். விரிப்பின் அளவு அங்கே முழுக்கக் கையின் கட்டுப்பாடு என்பதால் இன்னும் நிதானம் வேண்டும்.

குழாய் உள்ளே போனதும், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராபில் அலை வர வேண்டும், குழாய் வழியே ஸ்கோப் விட்டால் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கரைனா தெரிய வேண்டும். இவை இரண்டும் ஆகும்வரை தலைமாட்டில் இருப்பவர் ஈ.டி. டியூபை முழுதாக எடுக்கக் கூடாது.

அடுத்த ஒரு வாரத்துக்குத் துளை இன்னும் பாதையாகவில்லை. இந்த நாட்களில் குழாய் நழுவினால் அதே துளையில் திரும்பத் திணிக்காதீர்கள். மூச்சுக்குழாய்க்கு முன்னால் உள்ள திசுவுக்குள் போய்விடும்; அதில் ஆம்பு பை அழுத்தினால் கழுத்தும் மார்பும் காற்றால் உப்பும். 2011-ல் பிரிட்டனில் காற்றுப்பாதை விபத்துகளைத் தொகுத்து வந்த நேப்-4 அறிக்கையில் ஐசியு விபத்துகளில் நழுவிய டிரக்கியாஸ்டமிகள் முக்கிய இடம் பிடித்தன, அதிலும் பருமனானவர்களிடம். கேப்னோகிராப் இல்லாதது பல மரணங்களில் பங்கு வகித்தது. கேப்னோகிராப் அலை தொலைந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆக்சிஜன் கொடுத்து, உள்குழாயை எடுத்துவிட்டு உறிஞ்சுகுழல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் கஃபைத் தளர்த்துங்கள். அப்போதும் தேறாவிட்டால் குழாயையே எடுத்து, துளையைத் துணியால் மூடி, மாஸ்க் வைத்து மூச்சு கொடுத்து, வாய்வழி டியூப் போடுங்கள். இரவுப் பணி நர்ஸுக்கும் இந்த வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கஃப் அழுத்தத்தை ஷிஃப்டுக்கு ஒரு முறை மானோமீட்டரில் பாருங்கள்: 20 முதல் 30 செ.மீ. நீர். வெளியே தொங்கும் சிறு பலூனை விரலால் அமுக்கிப் பார்ப்பது அளவாகாது. மூன்று நாள் கழித்து ஒரு கரண்டி அளவு சிவந்த ரத்தம் வந்து தானாக நின்றாலும், இன்னோமினேட் தமனி இல்லை என்று நிரூபிக்கும்வரை அதுவே என்று எண்ணி அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பீறிட்டால் கஃபை மிகையாக ஊதி, அதற்கும் நிற்காவிட்டால் துளைவழி விரல் விட்டுத் தமனியை மார்பெலும்போடு சேர்த்து அழுத்த வேண்டும்.

"பேச்சு போயிடுமா டாக்டர்?" என்று வீட்டார் கட்டாயம் கேட்பார்கள். கஃப் ஊதியிருக்கும்வரை காற்று குரல்நாணுக்கு ஏறாது, அதனால் சத்தம் வராது. குரல் அழிந்துவிடவில்லை என்று முதல் நாளே சொல்லுங்கள். பின்னால் பேச்சு வால்வு பொருத்தும்போது கஃபை முழுதாக இறக்கியிருக்க வேண்டும். அந்த வால்வு உள்ளிழுக்க மட்டுமே திறக்கும்; கஃப் ஊதியபடி இருந்தால் மூச்சை வெளிவிட வழியே இருக்காது. வால்வு மாட்டியிருக்கும் நேரமெல்லாம் "கஃப் ஊதாதீர்" என்ற பட்டையைக் குழாயின் வெளியே தொங்கும் பலூனிலேயே ஒட்டிவையுங்கள்.