துணியின் எடை

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிக்குச் சேர்ந்த புதிதில், தராசில் விரித்த துணியின் எடையைக் கழிக்க மறந்து, ஒரு குழந்தையின் எடையை எழுபது கிராம் கூட்டி எழுதிவிட்டு மூத்த செவிலியர் அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எழுபது கிராமுக்கா இவ்வளவு பேச்சு என்று அன்று மனத்துக்குள் முணுமுணுத்தேன். செக் நாட்டின் பிறப்புக் கணக்குகளைப் படித்தபோது அந்தத் துணி மறுபடி நினைவுக்கு வந்தது.

1989 நவம்பரில் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தது. அந்த ஆண்டில், தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்ட தாய்மார்களின் குழந்தைகள், பல்கலைக்கழகத்தில் படித்த தாய்மார்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 182 கிராம் எடை குறைந்து பிறந்தன. 1990களின் நடுப்பகுதிக்குள் அந்த வித்தியாசம் 256 கிராமாகிவிட்டது. எல்லோரும் சமம் என்று நாற்பது ஆண்டுகள் முழங்கிய ஆட்சியிலேயே 182 கிராம் இருந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதன்மேல் கூடியது ஏறத்தாழ ஒரு துணியின் எடை.

ஒரு குழந்தையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நலமாகப் பிறந்த மூன்று கிலோ குழந்தையே முதல் சில நாட்களில் இருநூறு கிராம் வரை இளைத்து, இரண்டு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றுவிடும். ஆனால் ஒரு பிரிவினரின் சராசரியே இறங்கும்போது, எடை குறைந்த குழந்தை என்று வகுக்கும் இரண்டரை கிலோ என்ற கோட்டுக்குச் சற்று மேலே பிறந்திருக்கவேண்டிய பல குழந்தைகள் கோட்டுக்குக் கீழே போய்விடுகின்றன. உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளவும் பாலை இழுத்துக் குடிக்கவும் திணறுபவை அவற்றில்தான் அதிகம்.

இத்தனைக்கும் நாட்டின் மொத்தக் கணக்கு நன்றாகவே இருந்தது. சராசரிப் பிறப்பு எடை 1991 வரை சற்றே சரிந்து, பிறகு 1989இன் அளவையும் தாண்டியது. ஆயிரம் குழந்தைகளுக்குப் பத்து என்றிருந்த சிசு மரண விகிதம் 1996இல் ஆறாகக் குறைந்தது. பேறுகாலச் சிகிச்சை புதிய காப்பீட்டு முறையிலும் அனைவருக்கும் கிடைத்தது. எனவே குறையைப் பிரசவ அறையில் தேடிப் பயனில்லை. 1991 ஜனவரியில் பெரும்பாலான பொருட்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின் அடுப்படியில் என்ன வெந்தது, வீட்டில் யாருக்கு வேலை போயிற்று, கர்ப்பிணி சிகரெட்டை விட்டாளா என்பவற்றில்தான் தேடவேண்டும் என்பது என் எண்ணம். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டவர்களால் 1989இல் சுமார் 1,28,000 ஆக இருந்த பிறப்புகள் 1996இல் 90,000 ஆகக் குறைந்தன. யார் பெற்றார்கள், யார் தள்ளிப்போட்டார்கள் என்ற மாற்றமும் அந்த வித்தியாசத்தில் ஓரளவு கலந்திருக்கலாம்.

படிப்பில் கடைசிப் படியில் நிறுத்தப்பட்டவர்களில், ஒதுக்கப்பட்ட சிறுபான்மை இனமான ரோமா இனப் பெண்கள் கணிசமானவர்கள். ஆலைகளிலும் கட்டுமானத்திலும் உடலுழைப்பு வேலை செய்துவந்த அவர்களுடைய ஆண்கள், ஆட்குறைப்பு வந்ததும் முதல் வரிசையில் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கும் முன்பே, பழைய ஆட்சிக் காலத்தில், பணம் தருவதாக ஆசைகாட்டியும் மிரட்டியும் அந்தப் பெண்களில் பலருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டிருந்தது. 1989க்குப் பிறகும் அது முற்றிலும் நிற்கவில்லை. அப்படிப்பட்ட மருத்துவமனைப் படியை ஒரு கர்ப்பிணி தயங்கித் தயங்கி மிதித்தால், ஏன் தாமதமாக வந்தாய் என்று கடிந்துகொள்ள எனக்கு வாய் வராது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 3,00,000 கொருனா (செக் நாணயம்) இழப்பீடு வழங்கும் சட்டம் 2021இல்தான் நிறைவேறியது.