மழை நாள்ல சைக்கிள்: வீட்டுக்கு வந்த அப்புறம் ஒரு பத்து நிமிஷம்

மழைக்காலம் வந்துட்டாலே நெறைய பேர் சைக்கிளை ஓரங்கட்டி மூடி வச்சிடுறாங்க, கேட்டா மழையில ஓட்டினா வண்டி வீணாப் போயிடும்ங்கறாங்க. நான் மழையோ வெயிலோ சைக்கிள்லதான் போறேன், வருஷக்கணக்கா. நான் பாத்த வரைக்கும் மழையில ஓடி வீணான சைக்கிளை விட, நனைஞ்சு வந்ததை அப்படியே செவுத்துல சாய்ச்சுட்டு உள்ள போனதால வீணானதுதான் ஜாஸ்தி. அதனால ஓட்டுறதைப் பத்தி கொஞ்சம் சொல்லிட்டு, வந்து இறங்கினப்புறம் செய்ய வேண்டியதுக்குப் போயிடுறேன்.

முதல்ல பிரேக். ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கா இருந்தா மழையில அழுத்தின உடனே பிடிக்காது. ரிம் மேல தண்ணி படலமா ஒட்டிட்டு இருக்கும், பிரேக் கட்டை அந்தத் தண்ணியை வழிச்சுத் தள்ளினப்புறம்தான் ரப்பர் ஒழுங்கா கவ்வும், அதுக்குள்ள சக்கரம் ரெண்டு மூணு சுத்து சுத்திடும். பெரிய சக்கரம் ஒரு சுத்துக்கு சுமாரா 2 மீட்டர் போகும், அப்போ பிரேக்கே இல்லாம 4, 6 மீட்டர் போயாச்சு, முன்னாடி ஒரு ஆட்டோ திடீர்னு நின்னா அவ்வளவுதான். அதனால நிறுத்தப் போற இடத்துக்கு ரொம்ப முன்னாடியே லேசா தொட்டு விட்டு, தொட்டு விட்டு ரிம்மைத் துடைச்சு வச்சுக்கணும். பழைய பளபள ஸ்டீல் ரிம் வச்சிருக்கிறவங்க இன்னும் உஷாரா இருங்க, காஞ்சிருக்கும்போது பிடிக்கிறதுல பாதி கூட ஈரத்துல பிடிக்காது, அலுமினியம் ரிம் எவ்வளவோ தேவலை. டிஸ்க் பிரேக்குக்கு (ரிம்மை விட்டுட்டு சக்கர நடுவுல இருக்கிற தட்டைப் பிடிக்கிறது) இந்த தொல்லை கம்மி, கொஞ்சம் கீச்சுனு கத்தும், ஆனா பிடிச்சிடும்.

ரொம்ப நாள் கழிச்சு பெய்யற மழைன்னா முதல் கொஞ்ச நேரம்தான் ஆபத்து. ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் தண்ணியோட கலந்து வழவழன்னு ஆயிடும், நல்லா அடிச்சுப் பெய்ஞ்சு கழுவிட்டுப் போயிடுச்சுன்னா அதே ரோடு பரவால்ல ஆயிடும். ரோட்டுல போட்ட பெயின்ட் கோடு, சாக்கடை இரும்பு மூடி, தண்டவாளம், உதிர்ந்து கிடக்கிற இலை, இது மேலெல்லாம் போகும்போது ஹேண்டிலை நேரா வச்சுக்கிட்டு பிரேக்கைத் தொடாம, சாயாம கடந்துடணும். தண்டவாளத்தை மட்டும் எப்பவும் குறுக்கால நேரா வெட்டித்தான் கடக்கணும், சாய்வா போனா சக்கரம் இடுக்குல மாட்டும் இல்லன்னா வழுக்கும். அடி தெரியாத தண்ணிக்குள்ள இறக்காதீங்க, இறங்கி தள்ளிட்டுப் போறதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

டயர்ல பட்டன் இருந்தாதான் ஈரத்துல பிடிக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கார் டயர் வேகமா போகும்போது தண்ணி மேல மிதக்கும், அதுக்கு காடி வேணும், சரி. சைக்கிள் டயர் குறுகல், உருண்டை, காத்தும் ஜாஸ்தி, நாம ஓட்டுற வேகத்துல அது தண்ணி மேல மிதக்கவே மிதக்காது. தார் ரோட்டுல மட்டும் போறவங்களுக்கு வழவழ டயரே போதும், ரப்பர் தரமா இருக்கணும், காத்தை வழக்கத்தை விட கொஞ்சூண்டு குறைச்சு வச்சா இன்னும் நல்லா பிடிக்கும் (டயர் சைடுல போட்டிருக்கிற குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ போகாம). மழையில பஞ்சர் ஜாஸ்தியா ஆகும், ஈர ரப்பரை கண்ணாடித் துண்டு சுலபமா கீறிடும், அதனால வந்தவுடனே டயர்ல ஏதாவது குத்தி நிக்குதான்னு கையில துணியை வச்சு ஒரு தடவை தடவிப் பாருங்க.

மட்கார்டு இல்லாத சைக்கிளை மழையில எடுக்கவே வேணாம்னுதான் சொல்லுவேன், அதுவும் முன் மட்கார்டு. பின்னாடி மட்கார்டு உங்க முதுகைத்தான் காப்பாத்தும், முன்னாடி இருக்கிறதுதான் செயினையும் பெடல் அச்சையும் (ரெண்டு பெடல் கம்பியும் பிரேம்ல சேர்ற இடம்) காப்பாத்துது, ஏன்னா முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறு நேரா அங்கதான் போய் விழுது. நெறைய சைக்கிள்ல அது பாதியிலயே நின்னுடும். பழைய ரப்பர் ஷீட்டோ கெட்டி பிளாஸ்டிக்கோ வெட்டி, தரையில இருந்து ஒரு சாண் உயரம் வர மாதிரி கீழ தொங்கவிட்டு போல்ட் போட்டுடுங்க, ஷூவும் நனையாது, செயின்ல சேறும் பாதியா குறையும்.

இப்போ வீட்டுக்கு வந்தாச்சு. சேறா இருந்தா மேல இருந்து தண்ணியை மெதுவா ஊத்தி விடுங்க. பைக் கழுவுற பிரஷர் கன் மட்டும் வேணவே வேணாம், அது சக்கர நடுவுல இருக்கிற ஹப்புக்குள்ளயும் பெடல் அச்சுக்குள்ளயும் தண்ணியை ஏத்தி கிரீஸை வெளிய தள்ளிடும், மழை பண்ணாததை அது பண்ணிடும். அப்புறம் வண்டியை ஒரு சாண் தூக்கி ரெண்டு தட்டு தட்டினா பாதி தண்ணி உதிர்ந்துடும், மீதியை துணியால துடைங்க.

செயின்தான் அவசரம், ஒரு ராத்திரி விட்டாலே காலையில ஆரஞ்சு கலர்ல துரு பூத்திருக்கும். காஞ்ச துணியை கீழ் செயினைச் சுத்தி பிடிச்சுக்கிட்டு பெடலை பின்னாடி சுத்துங்க, துணி கறுப்பாகும், வேற பக்கம் மாத்தி மாத்தி பிடிங்க, கறை லேசாகற வரைக்கும். நல்லா காஞ்சப்புறம்தான் எண்ணெய், ஈரத்து மேல விட்டா தண்ணி உள்ளயே அடைபட்டுடும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு, செயினோட உள்பக்கமா, கொஞ்ச நேரம் சுத்தி விட்டு, வெளிய இருக்கிறதை திரும்ப துடைச்சு எடுத்துடணும். எண்ணெய் வேலை செய்யறது உள்ள பின்னுக்கும் உருளைக்கும் நடுவுல, வெளிய வழியற எண்ணெய் மண்ணைத்தான் பிடிச்சு வைக்கும், அந்த மண்ணும் எண்ணெயும் கலந்த கலவை பல்சக்கரத்தை அராவி எடுத்துடும். மழைக்கு வெட் லூப்னு விக்கிற கெட்டியான எண்ணெய்தான் சரி, தையல் மெஷின் எண்ணெய் அடுத்த மழையோட போயிடும். டபிள்யூடி 40 அடிச்சா தண்ணியை விரட்டும், நல்லதுதான், ஆனா அது தங்காது, அதுக்கு மேல செயின் எண்ணெய் கட்டாயம் விடணும்.

செயின் நீண்டிருக்கான்னு பாக்க ஸ்கேல் போதும். செயின் கண்ணியைக் கோக்குற ஒரு பின்னை பூஜ்யத்துல வச்சா, அதை விட்டுட்டு அடுத்ததுல இருந்து எண்ணி 24வது பின் சரியா 12 இஞ்சுல நிக்கணும். ஒரு இஞ்சுல பதினாறுல ஒரு பங்கு (1/16) தள்ளி நின்னா செயினை மாத்துங்க. எட்டுல ஒரு பங்கு (1/8) போயிடுச்சுன்னா பின் பல்சக்கரமும் பெரும்பாலும் தேய்ஞ்சு போயிருக்கும், அதையும் சேர்த்து மாத்த வேண்டி வரும்.

பிரேக் கட்டையை வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா, கறுப்பு ரப்பர்ல அங்கங்க மினுமினுன்னு அலுமினியத் துணுக்கு, கூடவே மணல். ஊசியால நோண்டி எடுத்துடுங்க, உப்புத்தாள்ல ரெண்டு தேய் தேயுங்க. பிரேக் போட்டா கரகரன்னு வர்ற சத்தம் அதனாலதான், விட்டா ரிம் சுவர் தேய்ஞ்சு உள்குழிவா போயிடும், அப்படி மெலிஞ்ச ரிம் காத்து அழுத்தத்துலயே பிளந்துக்கும்.

யாரும் எட்டிப் பாக்காத ஒரு இடம் சீட்டுக்குக் கீழ இருக்கிற பைப்பு. பின் சக்கரம் அடிக்கிற தண்ணி சீட்டை இறுக்குற கிளாம்ப் கிட்ட இருக்கிற வெட்டு வழியா உள்ள இறங்கி பெடல் அச்சு கிட்ட தேங்கி நிக்கும், வெளிய பளபளன்னு இருக்கிற பிரேம் உள்ள துருப்பிடிச்சுக்கிட்டே இருக்கும். மழைக்காலத்துல அப்பப்போ சீட் உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வச்சுட்டு, சீட்டை உருவி வண்டியைக் கவுத்து வச்சிடுங்க, சில நேரம் தண்ணி கொடகொடன்னு கொட்டும். திரும்ப மாட்டும்போது சீட் பைப்புல கிரீஸ் தடவுங்க, அந்த வெட்டு மேல பழைய டியூப் துண்டை மாட்டி விடுங்க. பெடல் அச்சுக்கு அடியில சின்ன ஓட்டை இருந்தா கம்பி விட்டு அடைப்பை எடுங்க, அது தண்ணி வடியறதுக்காகவே வச்சது.

ஹப் மூழ்கற அளவு தண்ணியில போயிருந்தா மட்டும் துடைச்சா பத்தாது. ஹப்போட ரெண்டு பக்கமும் முடுக்கியிருக்கிற கோனைக் கழட்டி பாருங்க, கிரீஸ் பால் ஊத்தின மாதிரி வெளுத்திருந்தா தண்ணி உள்ள போயிடுச்சு. உள்ள இருக்கிற இரும்புக் குண்டுங்க (பால்ஸ்) எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவி, குழி விழுந்ததை மாத்தி, புது கிரீஸ் வச்சு, ஆட்டமும் இல்லாம இறுக்கமும் இல்லாம கோனை முடுக்குங்க. ரெண்டு நாள் ஓட்டினப்புறம் சக்கரத்தைப் பக்கவாட்டுல ஒரு தடவை ஆட்டிப் பாருங்க, லேசா விட்டுக் குடுத்திருந்தா இன்னும் கொஞ்சம் முடுக்கணும்.